அப்பா விற்காத பலகை

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்ன தம்பி, "குரங்கு விஷயத்த மட்டும் எழுதிராதக்கா, சொந்தக்காரவங்க எல்லாம் படிப்பாவ" என்று கேட்டுக்கொண்டான். அதை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்பா பிறந்தது அச்சன்புதூரில், விவசாயக் குடும்பத்தில். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பு பாதியில் நின்றது. தென்காசியில் போர்டு எழுதும் கடை ஒன்றில் சேர்ந்து தொழில் கற்று, பிறகு குற்றாலம் போகும் சாலையில் சொந்தக் கடை போட்டார். புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றிப் போகும் லாரிகளின் பின்பலகையில் அப்பா வரைந்த காளைகளும் மயில்களும் நாங்கள் பார்க்காத ஊரையெல்லாம் பார்த்துவிட்டன. வாங்கிய வேலையைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

ஆனால் மனிதர்களை மட்டும் வரையமாட்டார். "என்னைய ஒரு தடவ வரைங்கப்பா" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "மனுசன் மூஞ்சிய வரைஞ்சா மூக்கு சரியில்லம்பான். மாடு ஒண்ணும் சொல்லாதுட்டி" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

மெல்லிய கோடுகளுக்கான பிரஷ்ஷை அப்பாவே செய்துகொள்வார். இலஞ்சியில் மாமா வீட்டுத் தொழுவத்தில் ஒரு செவலைக் கன்று இருந்தது. அதன் காதுக்குள் வளரும் முடிதான் அதற்குத் தோது. அப்பா கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்தைத் தடவி, "ஒண்ணும் செய்ய மாட்டேன் தாயி, ரெண்டே ரெண்டு முடி" என்று கெஞ்சிக் கெஞ்சி வெட்டுவார். என் தலையை அவர் ஒருநாளும் வாரிவிட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் அங்கிருந்து வீட்டுக்கு வந்ததும் என் பின்னலின் நுனியை வெட்டி, ரிப்பனோடு சேர்த்து அப்பா கையில் கொடுத்தேன். அம்மாவிடம் முதுகில் வாங்கியதுதான் மிச்சம். அப்பா அதை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "மனுச முடி பெயிண்ட் தாங்காதுட்டி, தொங்கிப் போவும்" என்றார். கன்றுக்குட்டியிடம் முடியிலும் தோற்றேன்.

சரி, விலங்குகளைத்தானே பிடிக்கிறது என்று நானும் ஒரு விலங்கை வரைந்தேன். சாரலில் நனைந்து, கடைப் பலகைக்கு அடியில் ஒடுங்கிப் படுத்திருந்த தெருநாய். அப்பா வெகுநேரம் பார்த்தார். கடையில் ஆணி அடித்து மாட்டினார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஆணி மட்டும் இருந்தது. சீசனுக்கு அருவியில் குளிக்க வந்த யாரோ ஒருவருக்கு அப்பா அதை விற்றுவிட்டார். எனக்காக அல்வா வாங்கி வைத்திருந்தார். நான் தொடவில்லை. தம்பி தின்றான்.

மறு சீசனில் அந்தக் குரங்கு வந்தது. எண்ணெய் மசாஜ் கடைக்காக வெள்ளையடித்துக் காயவைத்திருந்த பலகையை விட்டுவிட்டு அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். வயிற்றில் குட்டியைக் கட்டிக்கொண்டு வந்த தாய்க்குரங்கு, மஞ்சள் டப்பாவில் கையை விட்டு, பலகை மேல் ஏறி இறங்கி, நீலத்தில் தோய்ந்த வாலால் ஒரு கோட்டையும் இழுத்துவிட்டுப் போய்விட்டது. அம்மா துடைக்கத் துணி எடுத்தார். "கை வைக்காத. அது முடிச்சிட்டுப் போயிருக்கு" என்று அப்பா தடுத்தார். கையில் பெயிண்டோடு போன குரங்கு அதை நக்கிவிடுமே என்று சாயங்காலம் வரை மரம் மரமாகத் தேடினார். என் கையில் பெயிண்ட் பட்டால், "போய்க் கழுவுட்டி" என்பதோடு சரி. கடைசியில் அந்தப் பலகைக்கு வார்னிஷ் அடித்து மாட்டினார். என் நாய் தொங்கிய அதே ஆணியில்.

பார்த்தவர்கள் எல்லாரும் விலைக்குக் கேட்டார்கள். அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை. நான் ஓவியம் படித்து, கோயம்புத்தூரில் வேலைக்குப் போய், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும், ஊருக்கு வரும்போதெல்லாம் கண்ணில் முதலில் படுவது அந்தப் பலகைதான். குரங்கின் மேல் ஒரு மனுஷி இத்தனை வருடம் பொறாமைப்பட முடியுமா என்று கேட்பவர்கள் என் அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்து பார்க்கட்டும்.

கடைசி மாதங்களில் அப்பாவால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. பலகையைக் கண்ணெதிரே மாட்டச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. "என் படத்த மட்டும் ஏம்ப்பா வித்திய?" என்று கேட்டே விட்டேன்.

அப்பா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒன் படத்த வாங்குனவரு, யாரு வரைஞ்சான்னே கேக்கலட்டி. நாயப் பாத்தாரு, எடுத்து நெஞ்சோட வச்சுக்கிட்டாரு. அவருகிட்ட எப்படி இல்லன்னு சொல்ல முடியும்? இத எல்லாரும் கொரங்கு வரைஞ்சதுன்னுதான கேக்காவ. படத்த ஒருத்தரும் பாக்கல."

பிறகு பலகையைத் துடைக்கச் சொல்லித் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு முடி. அடியில் என் பள்ளிக்கூட ரிப்பன் துண்டு சுற்றியிருந்தது. "பெயிண்ட் தாங்கல. ஆனா தூசி தட்ட இத மாதிரி வராது" என்றார். இத்தனை வருடமும் என் முடியால் குரங்குக்குப் பணிவிடை நடந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. துடைத்தேன்.

பதினாறாம் நாள் காக்கைக்கு வைத்த சோற்றையும் ஒரு குரங்குதான் வந்து அள்ளியது. "அண்ணாச்சிக்குப் பிடிச்ச ஆளுதான் வந்திருக்கு" என்று உறவினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பாவின் நோய்நாளில் தூக்கியும் தாங்கியும் உதவிய இலஞ்சி மாமா குடும்பத்தாருக்கும், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், லாரியை நிறுத்திவிட்டு வந்து அஞ்சலி செலுத்திய புளியங்குடி டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

பலகையைத் தம்பி கேட்டான். கொடுக்கவில்லை. அது இப்போது கோயம்புத்தூரில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அந்தப் பிரஷ்ஷால்தான் தூசி தட்டுகிறேன். யார் வரைந்தது என்று கேட்காமல், பார்த்த மாத்திரத்தில் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒருவர் வந்தால் அன்றைக்கே கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் வரவில்லை. என் நாய்க்கு ஒருவர் வந்தார்.