கறுப்பன் முதல் தரம், குண்டன் மூன்றாம் தரம்

கிளெனிஸ் டிரான்டர் முப்பத்தாறு வருஷம் கம்பளி தரம் பிரித்தவள். ஆஸ்திரேலியாவின் யுராலா ஊரைச் சுற்றி, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகைகளில் அவள் கால் படாதது கிடையாது. அவள் முத்திரை எண் குத்திய மூட்டையை வாங்குகிறவன் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே கிளெனிஸ்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு.

அவளுக்குச் சோறு போட்ட கைகளே இப்போது அவளைக் கைவிட்டுவிட்டன. மூட்டுவாதம் வந்து விரல்கள் பத்தும் பத்துத் திசை பார்த்தன. சாயங்காலம் ஐந்து மணி ஆனால் முழங்கை வரை நரம்பு சுண்டி இழுக்கும். மாத்திரைகள் வலியை விட்டுவிட்டு வயிற்றைக் கெடுத்தன. கடைசியில் டாக்டர் சட்டப்படியே கஞ்சாப் பூ எழுதிக் கொடுத்தார். மருந்துக் கடையிலிருந்து அவள் பெயர் ஒட்டிய டப்பாவில் அது தபாலில் வந்தது. அதைப் புகைக்கக் கூடாது. கருகவிடாமல் சூடாக்கி, வருகிற ஆவியை மட்டும் இழுக்க வேண்டும். அதற்கு வேப்பரைசர் என்று கையடக்கமாக ஒரு கருவி. அங்கேதான் வினை பிடித்தது.

ஊரில் அதே மருந்து எழுதப்பட்டவர்கள் பதினான்கு பேர். பாதிப் பேர் கொட்டகைகளில் கையையும் முதுகையும் தொலைத்தவர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் சங்கக் கட்டடத்தில் கூடி டீ குடிப்பார்கள். கிளினிக் நர்ஸ் ட்ரூடி லெனாக்ஸ் வந்து குறைகளைக் கேட்பாள். ஆளுக்கொரு கருவி வாங்கி ஆளுக்கொரு விதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கருவியாகச் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்று ட்ரூடி சொன்னாள். பரிசோதித்துப் பார்க்க மூன்று கருவிகளை எங்கிருந்தோ இரவல் வாங்கியும் வந்துவிட்டாள். யார் பரிசோதிப்பது என்ற கேள்வியே எழவில்லை. பதிமூன்று தலைகளும் கிளெனிஸ் பக்கம் திரும்பின.

"ஆறு வாரம் குடுங்க, தரம் பிரிச்சுத் தரேன். என் பேரு போட்டுத் தரேன்," என்றாள் கிளெனிஸ்.

ஒரே ஒரு ஆள் மட்டும் வாயைத் திறந்தாள். ஐனா ஃபோகர்ட்டி. பதினோரு வருஷம் கிளெனிஸ் தரம் பிரித்த கொட்டகைகளில் எடுபிடி வேலை செய்தவள். இப்போது வலது தோள் காது வரை தூக்கிக்கொள்ளும், விரல்களோ கிளெனிஸின் விரல்களைவிட மோசம்.

"மூடி திறக்குமா, அதைக் கொஞ்சம் பாரு," என்றாள் ஐனா.

"அதெல்லாம் பழகிரும். ஆவி எப்படி இருக்குன்றதுதான் விஷயம்," என்று கிளெனிஸ் கையை வீசினாள். ஐனா டீயைக் குடித்தாள்.

மூன்று கருவிகளுக்கும் கிளெனிஸ் பெயர் வைத்தாள். மெலிசாக, மழமழவென்று, சட்டைப் பையில் சொருகும்படி இருந்தது கறுப்பன். பளபளவென்று இருந்த இரண்டாவது, வெள்ளிக்காரன். அவனுக்குப் போனோடு இணைக்காமல் சூடு ஏறாது. மூன்றாவது குண்டன். ஜாம் டப்பா அளவு, பச்சை நிறம், பார்க்கவே சகிக்காது.

வேலையை ஒழுங்காகச் செய்கிறவள் அவள், அதில் குறை சொல்ல முடியாது. எந்தக் கருவி கையில் இருக்கிறது என்று தெரிந்தால் மனம் ஒருபக்கம் சாயும் என்று, கண்ணைச் சமையலறைத் துண்டால் கட்டிக்கொண்டாள். பூவைத் தூளாக்கி, கருவியில் நிரப்பி, சூடேற்றி, அவள் கையில் கொடுக்கிற வேலை பக்கத்து வீட்டு நெவில் ஆஸ்குட்டுடையது. பிடி விரலுக்குத் தெரியக் கூடாது என்று மூன்றையும் ஒரே மாதிரிக் காலுறைக்குள் போட்டுக் கொடுக்கவும் சொல்லியிருந்தாள். எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் என்பது கொட்டகையிலும் அப்படித்தான். எடுபிடிப் பெண் ஓர் ஆட்டின் முழு ரோமத்தையும் அள்ளி வந்து மேஜைமேல் விரித்துப் போடுவாள். தரம் பிரிப்பவள் குனிவதில்லை. ஒரு கற்றையை உருவி, காதருகே பிடித்து, சுண்டி, இழை அறுந்து தெறிக்கிறதா என்று கேட்டு, எந்தத் தரத்துத் தொட்டி என்று சொல்வாள். அதை அள்ளிப் போடுவதும் வேறொருத்தி.

நெவில் நல்லவன். ஆனால் நல்லவர்களை ஆறு வாரம் தினமும் சகிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஐந்து மணிக்கு வந்தால் எட்டு மணிக்குத்தான் எழுவான். இஞ்சி பிஸ்கட் டப்பாவைக் காலி செய்வான். தன் மலச்சிக்கலின் வரலாற்றை வருஷவாரியாகச் சொல்வான். கண்ணைக் கட்டிக்கொண்டு அதைக் கேட்பது இன்னும் கொடுமை என்று கிளெனிஸ் கண்டுகொண்டாள்.

"நெவில், நிரப்பிட்டல்ல? கிளம்பேன்."

"நீ இழுத்து முடி. காலி பண்ணிட்டுப் போறேன். உன் கையால முடியுமா?"

முடியாது. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

ஆனாலும் அவள் நோட்டுப் புத்தகம் ஒரு நாள் தவறவில்லை. எத்தனை இழுப்பு நின்றது, எத்தனையாவது இழுப்பில் ருசி மாறியது, தொண்டை கமறியதா, ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எத்தனை சாயங்காலம் ஓடியது, எல்லாம் எழுதினாள்; எழுதின பிறகே எந்தக் கருவி என்று நெவில் சொல்வான். வெள்ளிக்காரன் பாதி நாள் போனோடு சண்டை போட்டுக்கொண்டு செத்துக் கிடந்தான். நெவில் தன் போனைத் தூக்கிக்கொண்டு சிக்னல் தேடி வாசல் கேட் வரை ஓட வேண்டியிருந்தது. குண்டன் முதல் இழுப்பிலேயே தொண்டையைப் பிடித்தான். ருசி, மழையில் நனைந்த கம்பளியை அடுப்பில் வைத்த மாதிரி. கறுப்பனோ முதல் இழுப்பு முதல் கடைசி வரை ஒரே சீர். இழை தெறிக்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் முழங்கை வலி இறங்கிவிடும்.

ஆறாவது வார வெள்ளிக்கிழமை தீர்ப்பு வந்தது. கறுப்பன் முதல் தரம், வெள்ளிக்காரன் இரண்டு, குண்டன் மூன்று. கை தட்டினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் ஆர்டர் அனுப்ப வேண்டும் என்று ட்ரூடி ஒரு தாளை எடுத்தாள். அதில் கருவியின் பெயருக்குக் கீழே கிளெனிஸ் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் பழக்கதோஷத்தில் தன் முத்திரை எண்ணையும் எழுதினாள். மற்ற இரண்டையும் ட்ரூடியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறுப்பனை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

புதன்கிழமை நெவில் ஆர்மிடேல் ஆஸ்பத்திரிக்குக் கண் ஆபரேஷனுக்குப் போனான். "ஒரு நாள் சமாளிச்சிப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். "உன் பேச்சு இல்லாம ஒரு நாள் கிடைக்குதே, அதுவே மருந்து," என்றாள் அவள்.

ஐந்து மணிக்கு நரம்பு இழுக்க ஆரம்பித்தது. அவள் கறுப்பனைக் கையில் எடுத்தாள்.

மூடி ஒரு சட்டைப் பொத்தான் அளவு இருந்தது. அதைச் சுற்றி நகம் நுழைகிற அளவு ஒரு கோடு. நகத்தை அதில் கொடுத்துக் கால்வாசி திருப்பினால் திறந்துகொள்ளும். நெவில் ஒரு நொடியில் செய்வான். செய்கிறபோது பேச்சைக்கூட நிறுத்த மாட்டான். கிளெனிஸின் கட்டைவிரல் அந்தக் கோட்டின்மேல் போய் நின்றது, வழுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி வழுக்கியது. கரண்டிக் காம்பால் நெம்பினாள். பல்லால் கடித்துப் பார்த்தாள். பல் செட் இடம் பெயர்ந்ததுதான் மிச்சம். கதவு இடுக்கில் கொடுத்து அழுத்தினாள். கடைசியில் குறடு ஒன்றைக் கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை நெருக்கிப் பிடித்துத் திருகியபோது மூடி தெறித்துத் திறந்தது. அப்பாடா என்று தூளை உள்ளே போடப் பார்த்தால், வாய் ஒரு பட்டாணி நுழைகிற அளவு. இரண்டு நாள் மருந்து கம்பளத்தில் சிந்தியது.

குனிந்து பொறுக்கவும் விரல் வரவில்லை. தரையில் உட்கார்ந்து, அந்தக் கருவியையும் செய்தவனையும் விற்றவனையும் கொட்டகை மொழியில் திட்டினாள். திட்டி முடித்தபோதுதான், திட்ட வேண்டிய ஆள் தான்தான் என்று உறைத்தது. ஆறு வாரம். நூற்றுக்கும் மேற்பட்ட நிரப்பல். ஒரு தடவைகூட அவள் கை மூடியைத் தொட்டதில்லை. பதினான்கு பேரின் கைகளுக்காகத் தரம் பார்த்தவள், கையைத் தவிர எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

மறுநாள் நெவில் ஒரு கண்ணில் கட்டோடு வந்தான். அந்த ஒற்றைக் கண்ணோடு நொடியில் கறுப்பனை நிரப்பிக் கொடுத்தான். அவள் இழுத்தாள். ருசி அருமையாக இருந்தது. வலியும் இறங்கியது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

நடந்ததைச் சொன்னாள்.

"நீ எதுக்கு வாயைத் திறக்கற?" என்றான் நெவில். "உனக்கு நான் இருக்கேன். அவங்கவங்களுக்கு வீட்டுல யாராச்சும் இருப்பாங்க. முத்திரை குத்தின மூட்டையை யாராவது திரும்பப் பிரிப்பாங்களா?"

"ஐனாவுக்கு யாரு இருக்கா?"

நெவில் பிஸ்கட் டப்பாவைப் பார்த்தான். ஐனா தனிக்கட்டை என்பது ஊருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை கிளெனிஸ் நெவிலையும் கூட்டிக்கொண்டு இரண்டரை மணிக்கே சங்கக் கட்டடத்துக்குப் போய்விட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு மூட்டைகூடத் திரும்பி வராதவள், தன் மூட்டையைத் தானே திரும்பக் கேட்க வந்திருந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு நின்றுகொண்டே சொன்னாள்.

"நான் பிரிச்ச தரம் தப்பு. ஆர்டரை நிறுத்துங்க."

ட்ரூடிக்கு முகம் சுண்டிவிட்டது. "இப்போ வந்து சொல்றீங்களே. நாலு மணிக்கு அனுப்பலைன்னா இந்த விலை கிடைக்காது. என்ன தப்பு?"

கிளெனிஸ் கறுப்பனை மேஜைமேல் வைத்தாள். "திறந்து பாருங்க."

அது கை மாறிக் கை மாறிச் சுற்றியது. ஒருவர் நகம் உடைந்தது. ஒருவர் இதெல்லாம் ஒரு விஷயமா என்று வாங்கி, ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டி, பேசாமல் பக்கத்து ஆளிடம் தள்ளினார். பதினான்கில் இரண்டு பேர்தான் திறந்தார்கள். அதில் ஒருத்திக்கு முதுகு மட்டும்தான் கோளாறு.

ஐனா அதை வாங்கவே இல்லை.

"ஆறு வாரம் வெச்சிருந்தியே," என்றாள். "மூடியை நீ ஒரு தடவைகூடத் திறக்கலையா?"

"இல்ல. நெவில்தான் திறந்தான்."

"அதான பாத்தேன்." ஐனா கோபமாகச் சொல்லவில்லை, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். "பதினோரு வருஷம் நான் தூக்கிப் போட்டேன், நீ தொட்டுப் பாத்த. ரோமம் எவ்வளவு கனம்னு ஒரு நாளாவது கேட்டியா?"

கிளெனிஸுக்கு இழையின் நீளம் தெரியும், மெலிவு தெரியும், உறுதி தெரியும். கனம் அவளுக்குத் தெரியாது. அவள் ஒரு ரோமத்தையும் தூக்கியதில்லை.

"கேக்கல," என்றாள். "முதல் நாளே மூடியைப் பாருன்னு சொன்ன. அதையும் கேக்கல."

ஐனா எழுந்து ட்ரூடியின் பையிலிருந்து குண்டனை எடுத்தாள். அடிப்பக்கத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூடியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த காதை உள்ளங்கையின் அடியால் ஒரு தட்டுத் தட்டினாள். திறந்துகொண்டது. வாய் முட்டைக் கிண்ணம் போல அகலமாக இருந்தது. தன் மருந்து டப்பியிலிருந்த தூளை அப்படியே கவிழ்த்தாள். மூடியை மேஜை விளிம்பில் அழுத்தி மூடினாள். விரலே படவில்லை.

"போன வாரமே பாத்தேன், நீ திருப்பிக் குடுத்தப்போ," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"முத்திரை குத்திட்டியே." ஐனா அதைத் திறந்து, தூளைத் திரும்ப டப்பியில் தட்டி, இரண்டையும் கிளெனிஸ் முன்னால் நகர்த்தினாள். "இப்போ நீ பண்ணு."

கிளெனிஸ் உட்கார்ந்தாள். முதல் தட்டில் கருவி வயிற்றிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. இரண்டாவது தட்டில் மூடி திறந்தது, டப்பி கவிழ்ந்தது. பழக்கத்தில் அவள் ஐனாவைப் பார்த்தாள். ஐனா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதவிக்கு எழ நினைத்த நெவிலை ஒரே பார்வையில் உட்கார வைத்தாள். கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, சிந்திய தூளை உள்ளங்கை விளிம்பால் கூட்டி, மேஜை ஓரத்துக்குத் தள்ளி, கீழே குண்டனைப் பிடித்து உள்ளே வழித்தாள். மூடினாள். நெற்றி வியர்த்துவிட்டது. மணி மூன்றே முக்கால்.

"ருசி இன்னமும் ஈரக் கம்பளிதான்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அதில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு உனக்கு," என்றாள் ஐனா. யாரோ சிரித்தார்கள்.

ட்ரூடி தாளை நீட்டினாள். கிளெனிஸ் கறுப்பனின் பெயரை அடித்துவிட்டுக் குண்டனின் பெயரை எழுதினாள். போன வாரம் போட்ட தன் கையெழுத்தையும் முத்திரை எண்ணையும் சற்று நேரம் பார்த்தாள். கொட்டகையில் மூட்டைமேல் ஏறுவது தரம் பிரித்தவளின் எண் மட்டும்தான். தூக்கிப் போட்டவளின் பெயர் எங்கேயும் ஏறாது. அவள் அந்த எண்ணின்மேல் ஒரு கோடு இழுத்து, பேனாவை ஐனாவிடம் கொடுத்தாள்.

ஐனா பேனாவை முஷ்டிக்குள் செருகிப் பிடித்து, தாளை நன்றாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கிளெனிஸின் கையெழுத்துக்கு மேலே இருந்த இடத்தில், பெரிய பெரிய எழுத்தாக, அவசரமே இல்லாமல் தன் பெயரை எழுதினாள்.