வசுமதியின் ஒற்றைப் பக்கம்

அச்சடித்த தாளைச் சமையலறைக் கதவில் செலோடேப்பால் ஒட்டிவிட்டு, வசுமதி பின்பக்கமாகவே நடந்துபோகிறாள். முதுகு ஃபிரிட்ஜில் இடித்ததும் நிற்கிறாள். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்கிறாள். ஆனால் திரும்பப் போட்டுக்கொள்வதில்லை. கிட்டப்பார்வைக் கண்களை இடுக்காமல் அந்தத் தாளை வெறுமனே பார்க்கிறாள். அடுப்பில் ரசம் நுரை கட்டுகிறது. "இப்ப எது தெரியறதோ அதுதான் அவர் கண்ணுல படும். மிச்சமெல்லாம் என் திருப்திக்கு" என்கிறாள். பிறகு கிட்டே வந்து, தாளில் இரண்டு கட்டங்களைப் பென்சிலால் அடித்துவிட்டு ரசத்தை இறக்குகிறாள்.

அவர் என்பது பார்த்தசாரதி. கல்கத்தாவில் அலிப்பூரில் வசுமதி வேலை பார்க்கும் அறக்கட்டளையின் தலைவர். பொதுத்துறை நிறுவனம் ஒன்றை நடத்தி ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை என்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார். மாலைப் பள்ளி, குழந்தைக் காப்பகம், கிராமத்து மருந்தகம் என்று நடத்தும் சின்னச் சின்ன அமைப்புகளுக்கு இந்த அறக்கட்டளை நிதி கொடுக்கிறது. அவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அந்த அறிக்கைகள் அலமாரியில் ஏறி உட்கார்ந்து கரையானுக்கு உதவிக்கொண்டிருந்தன. இப்போது அவற்றையெல்லாம் பிழிந்து கணினியில் ஒரே பக்கமாக்கி, கூட்டத்தில் திரையில் காட்டுவது வசுமதியின் வேலை. டாஷ்போர்டு என்று அதற்குப் பெயர். அமைப்புக்கு ஒரு வரி. வரியின் கடைசியில் ஒரு வட்டம். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பச்சை, கொஞ்சம் கவனிக்க வேண்டுமென்றால் மஞ்சள், அறிக்கையே வரவில்லை அல்லது வேலை நடக்கவில்லை என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் அடுத்த தவணை நிற்கும்.

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீடு அவளுடையது. கணவர் கோவிந்தராஜன் அங்கேயே யார்டு மாஸ்டர். கதவில் ஒட்டிய தாளைத் தாண்டித்தான் அவர் தினமும் தட்டை எடுத்துக்கொண்டு வரவேண்டும். "எங்க யார்டுல சிவப்பு எரிஞ்சா வண்டி நிக்கும். உன் சிவப்புக்கு எது நிக்கறது?" என்று ஒரு நாள் கேட்டார். பணம் நிற்கும் என்றாள் இவள். "அப்ப டிரைவர் பட்டினின்னு சொல்லு" என்றார் அவர். வசுமதி அவர் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். வாக்குவாதம் வேண்டாம் என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

காலை லோக்கலில் ஹவுரா, அங்கிருந்து படகில் பாபுகாட், பிறகு பேருந்தில் அலிப்பூர். படகில் மட்டும் உட்கார இடம் கிடைக்கும். அங்கே அவள் எதையும் படிப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, ஆற்றைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். "வீட்டுலயும் யாராவது கூப்பிடறா, ஆபீஸ்லயும் கூப்பிடறா. இதுல ஏறினா யாரும் கூப்பிடறதில்ல" என்பாள். இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணமாகிக் கல்கத்தா வந்தபோது இந்தப் படிப்புக்கு இங்கே வங்காளிகளே வரிசையில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். பல வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பது தாண்டித்தான் இந்த வேலைக்கு வந்தாள். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் வசுதி, அதாவது வசு தீதி, வசு அக்கா. வந்த புதிதில் பம்பாயிலிருந்து ஒருவர் மாதிரிக்கென்று ஒரு டாஷ்போர்டு அனுப்பினாராம். வேகமானி போல முள் ஆடும் வட்டங்கள், பக்கவாட்டில் கனம் காட்டும் வண்ணத் துண்டுகள். "கேக் மாதிரி நன்னாத்தான் இருந்தது. எந்தத் துண்டு பெரிசுன்னுதான் தெரியல" என்றாள் என்னிடம். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய மாட்டோம், சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று யாராவது சொன்னால் அந்த எண் பக்கத்திலிருந்து போய்விடும். இப்படியே எத்தனையோ பேரின் செல்ல எண்கள் போயின. கணக்குப் பிரிவில் எல்லாரும் தாதா, அண்ணா என்று கூப்பிடும் ஒருவர் இன்னமும் அவளுக்கு டீ சொல்வதில்லை.

அவளுடைய இன்னொரு பிடிவாதம், யாருக்காகவும் எந்தக் கட்டத்தையும் நிரப்பமாட்டாள். தெரியாவிட்டால் காலி. மழைக்காலத்தில் சுந்தரவனத்திலிருந்து தகவல் வராதபோது, போன தடவை எண்ணையே போட்டுவிடலாமே என்று ஒரு பையன் சொன்னதற்கு, "பசிக்கறதான்னு கேட்டா நேத்து சாப்பிட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்றாளாம்.

இத்தனை பார்த்தும் போன வருடம் துர்கா பூஜையின்போது அந்தப் பக்கம் அவளைக் கவிழ்த்துவிட்டது. காலாண்டு முடிந்து பதினைந்து நாளில் அறிக்கை வரவேண்டும் என்று ஜனவரியிலேயே கணினியில் போட்டுவைத்திருந்தாள். விதியை மேஜையில் வைத்தபோது அலுவலகமே தலையாட்டியது. ஒருவருக்கும் பூஜை நினைவுக்கு வரவில்லை. பூஜை வாரத்தில் வேலை கிடையாது, அடுத்த பௌர்ணமியில் வரும் லட்சுமி பூஜை கழிந்துதான் யாரும் பேனாவைத் தொடுவார்கள் என்பது இங்கே ஒருவர் ஒருவருக்குச் சொல்லிக்கொள்கிற சமாசாரமே இல்லை. மூச்சு விடுவதை யார் எழுதிவைப்பார்கள்? வங்காளிகள் சொல்லாமல் விட்டார்கள். இருபது வருடமாக அதே வாரத்தில் வீட்டில் கொலு வைத்து, அதே லீவில் சுண்டல் செய்துகொண்டிருந்த வசுமதியும் யோசிக்காமல் விட்டாள். நவம்பர் கூட்டத்துக்காக அச்சடித்த தாளைக் கதவில் ஒட்டிக் கண்ணாடியைக் கழற்றியபோது, பக்கம் முழுக்க அம்மை போட்டாற்போல இருந்தது. பூஜை லீவு இல்லாத மிசோரமும் நாகாலாந்தும் மட்டும் பச்சை.

அலுவலகத்தில் இதற்குச் சுலபமான வழி சொன்னார்கள். கெடுவை, தீபாவளி கழிந்து வரும் பாய் ஃபோட்டா பண்டிகை வரைக்கும் தள்ளிவிட்டால் போயிற்று, அதற்குள் எல்லாரும் அனுப்பிவிடுவார்கள், பக்கம் பச்சையாகிவிடும், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஒரு தேதியை மாற்றுவது ஒரு நிமிட வேலை. தலைவரைக் கேட்காமல் வசுமதி மாற்றவில்லை. லட்சுமி பூஜை கழிந்த மறு திங்கள் என்று வைத்து சோதனைக்காக ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். அதற்குள் அறிக்கைகள் வந்து சேர்ந்திருந்ததால் ஒன்றைத் தவிர எல்லாம் பச்சையாகிவிட்டன. ஷிப்பூரில் சணல் ஆலைச் சந்துக்குள் ஷெஃபாலி மண்டல் என்பவள் நடத்தும் குழந்தைக் காப்பகம்தான் அந்த ஒன்று. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அறக்கட்டளைப் பணம் நின்றால் அந்தக் காப்பகத்துக்கு வேறு போக்கு இல்லை என்பது வசுமதிக்குத் தெரியும். அந்த வரியை அதற்கு முந்தின வருடம் பக்கத்தில் சேர்த்தவளே அவள்தான்.

கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். குஷி வந்தாலோ கோபம் வந்தாலோ பார்த்தசாரதி வசுமதியிடம் மட்டும் தமிழுக்கு மாறுவார். பூஜைக் கதையை அவள் ஒளிக்காமல் சொன்னபோது குஷிதான் வந்தது. கெடுவைத் தள்ளிவைக்க அங்கேயே ஒப்புதல் கொடுத்தார். பிறகு திரையைப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரு சிவப்பு வட்டம், கண்ணாடி இல்லாதவர்களுக்கும் தெரிகிற மாதிரி, பளிச்சென்று நின்றது.

"ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பணம் நிக்கட்டும். விதி விதிதானேம்மா" என்றார்.

அப்போதுதான் தன் தப்பு தெரிந்தது என்று வசுமதி பின்னால் என்னிடம் சொன்னாள். எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை இந்த வட்டத்துக்காக அவள் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. சிவப்பைப் பார்த்ததும் என்ன செய்வது? பணத்தை நிறுத்து என்று கணினியே சொல்லிவிடுகிறபடி செய்துவைத்திருந்தாள். யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. மெதுவாக அவரிடம் சொன்னாளாம்:

"சார், நான் வெச்ச விதி தப்பு. சிவப்புன்னா நிறுத்தறதுன்னு அர்த்தம் இருக்கக்கூடாது. யாராவது போய்ப் பாக்கணும்னு இருக்கணும். பாத்துட்டு வந்தப்பறம் நிறுத்தறதோ கொடுக்கறதோ நீங்க முடிவு பண்ணுங்கோ."

பார்த்தசாரதி யோசித்தார். சரி, யார் போவது என்றார். தீபாவளியன்று வரும் காளி பூஜைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். டீ சொல்லாத கணக்கு தாதா மட்டும் வாயைத் திறந்து, புது விதி போட்டவர் வசுதிதானே என்றார். சிலர் சிரித்தார்கள். வசுமதி வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்த்து, எல்லாரும் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, ஒற்றை விரலால் தன் பெயரைத் தட்டினாள். திங்கட்கிழமைக்குள் அறிக்கை கைக்கு வராவிட்டால் பணம் கட்டாயம் நிற்கும் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார் பார்த்தசாரதி.

மறுநாள் சனிக்கிழமை. தீபாவளிக்குத் துணி எடுக்க ஹவுரா மைதான் போவதாக எங்கள் ஏற்பாடு. "போற வழிதான், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம் வாங்கோ" என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஷிப்பூரில் இறங்கினாள். வழி என்று சொல்லமுடியாது. சந்துக்குள் சந்து. பிரித்த பந்தலின் மூங்கில்கள் பாதையெல்லாம் கிடந்தன. வசுமதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்டினாள். தலையை வலிக்கிறது என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள்.

காப்பகம் பூட்டியிருக்கும் என்றுதான் இருவருமே நினைத்தோம். திறந்திருந்தது. நீளமான ஒரே அறை, பாய்கள், பாய்களில் தூங்குவதும் தவழ்வதுமாகக் குழந்தைகள். நடுவில் இடுப்பில் ஒன்றும் காலைக் கட்டிக்கொண்டு ஒன்றுமாக ஷெஃபாலி. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. அன்றைக்கு அதற்கும் மேல் இருப்பதாகத் தெரிந்தது. ஆபீஸ் தீதியைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. இருந்த ஒரே நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்தாள். உதவிக்கு இருந்த ஆயா பூஜைக்குக் கிராமத்துக்குப் போனவள் திரும்பவே இல்லையாம். தொலைபேசியை ஒரு பொடிசு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டதாம். வசுமதி தன் தமிழ் வாடை அடிக்கும் வங்க மொழியில், பூஜைக்கு எத்தனை நாள் மூடினீர்கள் என்று கேட்டாள்.

ஷெஃபாலிக்குக் கேள்வியே விளங்கவில்லை. இந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் பெரிய வீடுகளில் சமையலும் பாத்திரமும் செய்கிறவர்கள். பூஜையில் அந்த வீடுகளுக்கு விருந்தாளிகள் வருவார்கள். அப்போது இவர்களுக்கு ஏது லீவு? பூஜையின் உச்ச நாளான அஷ்டமியன்றும் விடிவதற்கு முன்னாலேயே கொண்டுவந்து விட்டார்கள் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வங்க மொழியில் மெதுவாகச் சொன்னாள்:

"மூடியிருந்தா எல்லாரையும் போல நேரத்துக்கு எழுதியிருப்பேன், தீதி."

அலமாரி மேலிருந்து அறிக்கைப் படிவத்தை எடுத்துக் காட்டினாள். மூன்றாவது கேள்வியில் பாதி வாக்கியத்தில் நின்றிருந்தது. கேள்விகளெல்லாம் வசுமதி எழுதியவை.

வசுமதி அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்களே கேட்டுக் கேட்டு எழுதிவிடுங்களேன், கால் மணி வேலை, துணிக்கடையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றேன்.

"நான் எழுதினா அது என் ரிப்போர்ட்" என்றாள்.

படிவத்தை நாற்காலியில் வைத்து, தன் பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தாள். ஷெஃபாலியின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. வசுமதி இரண்டு கையாலும் அதைப் பிடுங்காத குறையாக வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எழுது என்று தலையசைத்தாள். ஷெஃபாலி தரையில் உட்கார்ந்து நாற்காலியை மேஜையாக்கிக்கொண்டாள். குழந்தையின் மூக்கு புடவையில் இழுபட்டதை வசுமதி துடைக்கவில்லை. சுவரோரமாகப் போய்ச் சாய்ந்து, மெள்ள மெள்ளச் சறுக்கி, கால் இரண்டையும் நீட்டிப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, காலைக் கட்டிக்கொண்டிருந்த மற்றது அழ ஆரம்பித்தது. ஷெஃபாலி பேனாவை வைத்துவிட்டு எழப்போனாள். வசுமதி கைப்பையை மடியிலிருந்து என் பக்கம் தள்ளிவிட்டு, காலியான அந்தத் தொடையைத் தட்டி, அதற்கும் கையை நீட்டினாள்.