இருபதுக்குக் கீழே ஒரு சத்தம்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்கூட்டரை நிறுத்தி, பின்னால் கட்டியிருக்கும் அட்டைப்பெட்டியைக் குலுக்கிப் பார்க்கிறார் சப்ரின். புனல், காந்தம், பலூன், நீளமான இரும்பு ஸ்கேல். எதுவும் விழவில்லை. ஹெல்மெட்டுக்குள் நழுவிய துப்பட்டாவை மறுபடி ஊக்கால் குத்திக்கொண்டு, "உம், ஏறு ராசா" என்று வண்டியிடம் சொல்கிறார்.

வீடு கள்ளக்குறிச்சியில். வயது இருபத்தொன்பது. இயற்பியல் படித்தவர். கல்வராயன் மலைப் பள்ளிகளுக்குப் போய் அறிவியல் சோதனைகள் செய்துகாட்டுவது வேலை, நிரந்தரமில்லாத வேலைதான். பதில் தெரியாத கேள்வி வந்தால் மழுப்பமாட்டார். நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வார். 'எறும்பு தும்முமா? முனியன், நாலாம் வகுப்பு.' விடை கிடைத்ததும் அந்தப் பையனைத் தேடிப் போய்ச் சொல்வார். அவன் கேள்வியையே மறந்திருப்பான்.

கணவர் சுஐப் சவூதியில் லாரி ஓட்டுகிறார். கடைசியாக ஊருக்கு வந்துபோய் மூன்று வருடமாகிறது. பாலைவன முகாமில் சிக்னல் கிடையாது. பதினைந்து நாளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை நகரத்துக்கு வருவார். டீசல் வரிசையில் நிற்கும் கால் மணி நேரம்தான் பேச்சு. நம்மூரில் அப்போது மதியம் ஒன்றரை. "போட்டோ இருக்குது, மூஞ்சி மறக்காது. குரலு மறந்துபூடுமோன்னுதான் பயமா இருக்குதுங்க" என்று சப்ரின், தன்னைப் பற்றி எழுதப் போன என்னிடம் ஒருமுறை சொன்னார். உடனே பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்.

மார்கழியில், மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் அவர் வகுப்பைப் பார்த்தேன். ஸ்கேலின் ஒரு முனையை மேசை ஓரத்தில் அழுத்தி, மறுமுனையைச் சுண்டினார். கொஞ்சம் நீட்டியபோது 'டுர்ர்' என்றது. இன்னும் நீட்டினால் சத்தம் தடித்தது. ஏறக்குறைய முழு ஸ்கேலையும் வெளியே நீட்டிச் சுண்டினார். அது மேலும் கீழும் ஆடியது, அவ்வளவுதான்.

"ஆடுதா?"

"ஆடுது டீச்சர்!"

"சத்தம்?"

"காணோம்!"

"இருக்குது. நம்ம காதுக்குத்தான் ஏறல. நொடிக்கு இருபது தடவைக்குக் கம்மியா ஆடினா நமக்குக் கேக்காது. யானைக்குக் கேக்கும். அம்மா யானை அடித்தொண்டையில கூப்புட்டுச்சுன்னு வை, பக்கத்துல நின்னாலும் நமக்குத் தெரியாமப் போவும். மூணு நாலு கிலோமீட்டர் அந்தாண்ட மேயுற குட்டி, காத விரிச்சிக்கினு அப்படியே நின்னுடும்."

மூன்றாம் வகுப்பு செவ்வந்தி எழுந்தாள். "எங்கம்மா குடகுல காப்பிக்கொட்ட பறிக்குது டீச்சர். அந்தத் தோட்டத்துல யானை வருமாம். அம்மா யானகிட்ட சொல்லி வுட்டா, எனக்கு வந்து சேருமா?"

யாரும் சிரிக்கவில்லை. அங்கிருந்த பாதிப் பிள்ளைகளின் அம்மா அப்பா குடகில்தான் இருந்தார்கள்.

"வராது கண்ணு" என்றார் சப்ரின். "குடகு ரொம்ப ஜாஸ்தி தூரம். யானைக்கே எட்டாது."

செவ்வந்தி தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்துப் போன மூன்று பள்ளிகளில் சப்ரின் யானைப் பேச்சை எடுக்கவில்லை. திமிங்கிலம் என்றார், எரிமலை என்றார்.

சும்மாவும் இருக்கவில்லை. தலைமையாசிரியை ராஜாம்பாளைப் பிடித்து, கூலிக்கு ஆள் கூட்டிப்போன மேஸ்திரியின் நம்பரை வாங்கினார். நான்கு நாள் விடாமல் முயன்றார். "வெள்ளிக்கிழமை ஒரு மணி சாப்பாட்டுல தைலம்மாள டவர் எடுக்கிற எடத்துக்குக் கூட்டியாறேன். பத்து நிமிஷம்தாம்மா" என்றார் மேஸ்திரி. தைலம்மாள்தான் செவ்வந்தியின் அம்மா.

மலையில் சிக்னல் கிடைப்பது பள்ளியைத் தாண்டிய ஒரு பாறைமேல்தான். அந்த வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரில் சப்ரின், செவ்வந்தி, ராஜாம்பாள் மூவரும் போக, என் வண்டியில் நான் பின்னால் போனேன்.

"இன்னிக்கு உன் வூட்டுக்காரரு பேசுற நாளாச்சே?" என்றார் ராஜாம்பாள்.

"அவுரு ஒண்ணரைக்குத்தான் டீச்சர். அதுக்குள்ள இவ பேசிடுவா."

ஒரு மணிக்குக் கூப்பிட்டால் தோட்டத்தில் யாரும் எடுக்கவில்லை. ஒன்றேகாலுக்கும் இல்லை. சப்ரின் பாறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். ஒன்று இருபத்தைந்துக்குத்தான் லைன் கிடைத்தது. செவ்வந்தி இரண்டு கையாலும் சப்ரினின் போனைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். தைலம்மாளின் குரல் எங்களுக்கும் லேசாகக் கேட்டது.

"செவ்வந்தி?"

"ம்."

"சாப்ட்டியா?"

"ம்."

"இன்னா சாப்ட்ட?"

செவ்வந்தி போனை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.  அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மணி ஒன்றரை ஆகப்போகும்போது செவ்வந்தி, "வெச்சிடாதம்மா" என்றாள்.

அப்போது போன் அதிர்ந்தது. பயந்துபோய்க் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். "டீச்சர், யாரோ ஒரு மாமா படம் வருது."

சப்ரின் குனிந்து படத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் சிவப்புப் பட்டனை அழுத்தி அந்த அழைப்பை மட்டும் துண்டித்துவிட்டு, செவ்வந்தியின் கையைப் போனோடு சேர்த்து அவள் காதில் வைத்தார்.