பாலத்தில் அறுந்த கம்பி

போன செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. "தம்பி, அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு," என்றார் தர்மலிங்கம் அண்ணனின் மனைவி. எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை ஏழு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இனி யாரிடம் சொல்வது?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். நன்றாக ஓடும் கடிகாரத்தையும் திறந்து பார்ப்பார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் அவர் காரில்தான் நானும் கடல்பாலம் தாண்டி வேலைக்கு வருவேன். ஒருநாள், "எதுக்கு மிதிச்சுக்கிட்டே இருக்கணும்? கார் தானா ஒரே வேகத்துல போகட்டும்," என்றார். நான் சீட் பெல்ட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

வண்டிக்கடியில் சுழலும் தண்டில் ஒரு காந்தத்தை ஒட்டினார். பக்கத்தில் ஒரு கம்பிச்சுருள். தண்டு சுற்றும் ஒவ்வொரு முறையும் அதிலிருந்து மெல்லிய கம்பி வழியாக ஒரு சிக்னல் வரும். சிக்னல் குறைந்தால் அவர் செய்த பெட்டி ஆக்ஸிலரேட்டரை இழுக்கும், கூடினால் விடும். பெட்டியை அணைக்கும் பொத்தானை அமுக்கும் வேலையை, கேண்டீனில் எல்லார் முன்னாலும் என்னிடம் கொடுத்தார்.

"ஏண்ணே என்கிட்ட?"

"தைரியசாலி யோசிச்சுட்டுத்தான் அமுக்குவான். பயந்தாங்கொள்ளி உடனே அமுக்குவான் லா."

கேண்டீனே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பாலத்துக்குக் கீழே கடல். எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். பாலத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கு முதல்நாள் அம்மன் கோயிலில் ஓர் எலுமிச்சம்பழத்தை மந்திரித்து வாங்கினேன். காருக்கு முன்னால் கட்டுவதுதான் வழக்கம். அவர் கண்ணில் பட்டால் பிய்த்து எறிந்துவிட்டு ஒரு வாரம் கேலி செய்வார். அதனால், அவர் வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கடியில் புகுந்து, கைக்குத் தட்டுப்பட்ட ஒரு கம்பியில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பாலத்தில் ஏறியதும் பெட்டியை முடுக்கினார். காலை எடுத்து மடக்கி வைத்துக்கொண்டார். கார் ஒரே சீராகப் போனது. "பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினார். அப்போது அடியில் டக்கென்று ஒரு சத்தம். சிக்னல் நின்றது. கார் நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பெட்டி முழுப் பலத்தோடு இழுத்தது. எஞ்சின் அலறியது. முன்னால் ஒரு கோழி லாரி. கூண்டிலிருந்த கோழிகளின் கண் தெரியும் அளவுக்கு நெருங்கிவிட்டோம்.

"அமுக்கு! அமுக்கு லா!"

என் கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அசையவில்லை. அவரே கிளட்சை மிதித்து, பிரேக் போட்டு, சாவியைத் திருப்பி ஓரமாக நிறுத்தினார். என் விரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

அவர் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது ஒரு கை மூடியிருந்தது. அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே, "வயர் அறுந்துபோச்சு. சிக்னல் வரலன்னா விட்டுடணும்னு பெட்டிக்கு நான் சொல்லித் தரல. என் தப்பு," என்றார். உங்களிடமும் அதையேதான் சொன்னார். நீங்கள் ஒரு மாதம் அவரைக் கேலி செய்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு சோறு தின்றேன். என் பழத்தின் பாரத்தில்தான் கம்பி அறுந்திருக்கும் என்று சொன்னால் மறுநாள் அந்தக் காரில் எந்த முகத்தோடு ஏறுவது?

இறுதிச் சடங்கு முடிந்த அன்று அண்ணி ஒரு பால்மாவு டின்னை என்னிடம் கொடுத்தார். "இது உங்கண்ணன் வச்சது. அவனா வந்து உண்மையைச் சொன்னா கொடு, இல்லன்னா நான் போனப்புறம் கொடுன்னாரு. 'பாவம், என் உயிருக்கும் சேத்துத்தானே கட்டினான்'னு சொன்னாரு தம்பி."

உள்ளே கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம். நான் போட்ட முடிச்சு அவிழாமல், அறுந்த கம்பியோடு.

நண்பர்களே, அன்று தப்பு செய்தது அவர் இல்லை, நான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டியபோது நான் என் உயிரை மட்டும்தான் நினைத்தேன். அந்த டின் இப்போது என் வீட்டுச் சாமி மேசையில் இருக்கிறது. இன்னொரு முறை திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.