ஜாக்கிச் சிரிப்பு

ஜாக்கி கைக்கு வந்துவிட்டால் சூசைநாதன் சிரித்துவிடுவார். அடக்கத்தான் பார்ப்பார். உதட்டைக் கடிப்பார், தொண்டையைச் செருமுவார், கூரைப் பல்லியை முறைப்பார். ஒன்றும் பலிக்காது. முன்னூற்று நாலு ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு. அது வந்ததும் இவர் முகத்தில் கல்யாணக் களை கட்டிவிடும்.

"என்ன வேலைண்ணே?" என்று யாராவது கேட்டால், "சீட்டாட்டம் லா. மத்த நாள்ல சும்மா டயர் ஒட்டுறேன்" என்பார். லகாட், சிலிம் ரிவர் என்று எங்கே போட்டி நடந்தாலும், ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஹோண்டா கப் மோட்டார்சைக்கிளில் கிளம்பிவிடுவார். பின்னால் அவருடைய ஆட்ட ஜோடி பத்துமலை, எஸ்டேட் லயத்தில் கூட வளர்ந்தவர். சிலிபினில் அவர் வீட்டில் இருக்கும் சுவர்க்கடிகாரம், பிளாஸ்க், இஸ்திரிப் பெட்டி எல்லாம் பரிசாக வந்தவைதான். மனைவி ஐவிக்கு ஒரே குறை: "மூணு இஸ்திரிப் பெட்டி இருக்கு. தேய்க்கத்தான் சட்டை இல்ல."

எண்பத்தொன்றாம் வருஷத்தில் அந்தச் சிரிப்பே வினையாக வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் எதிரணியாக உட்கார வேண்டிய சிலிம் ரிவர் உடையப்பன் எழுந்து நின்றார். "இவரு சிரிச்சே ஜோடிக்கு சீட்டக் காட்டிக் குடுக்குறாரு. சாலா லா இது, தப்பாட்டம்!" சாடை காட்டுவதைச் சீட்டாட்டக்காரர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். நடுவர் மத்தியாஸ் கறாராகச் சொல்லிவிட்டார். இனி ஒரு சிரிப்பு வெளியே தெரிந்தாலும், பேராக் மாநிலத்தில் எந்தப் போட்டியிலும் இடமில்லை.

சீட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமையைச் சூசைநாதனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பத்துமலையைத் தனியே இழுத்துப் போனார். "மச்சான், என்னால தாஹான் பண்ண முடியாதுடா, அடக்க வராது. பொத்துக்கிட்டு வந்துரும்."

திருவிழாவுக்கு வந்திருந்த ஐவிதான் வழி சொன்னாள். "ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஒக்காருங்க."

முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு மனிதர் கம்பீரமாக வந்து அமர்ந்தார். மண்டபமே உருண்டு சிரித்தது. ஹெல்மெட் கூடாதென்று விதி எதுவும் இல்லாததால் மத்தியாஸ் தலையாட்டிவிட்டார்.

ஆட்டம் சரிக்குச் சரியாகப் போய்க் கடைசிக் கைக்கு வந்தது. சூசைநாதன் முதல் நாலு சீட்டை விரித்தார். மூன்று ஜாக்கி! சத்தம் ஏதும் வரவில்லை. ஆனால் கண்ணாடியில் உள்ளிருந்து ஆவி படர்ந்தது. மூக்குப் பக்கம் தொடங்கி நெற்றிவரை வெள்ளையாக மூடிக்கொண்டது. தோள் குலுங்கியது. இப்போது அவருக்குத் தன் சீட்டே தெரியவில்லை, தடவிக்கொண்டிருந்தார். பத்துமலை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். மத்தியாஸ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

உடையப்பனும் எவ்வளவு நேரம்தான் அடக்குவார்? வெடித்துச் சிரித்துவிட்டார். கண்ணில் நீர் வழிய, "ஒக்காருங்கண்ணே, ஒக்காருங்க" என்று மத்தியாஸைக் கையமர்த்தினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு சூசைநாதன் பக்கம் சாய்ந்தார். கண்ணாடியைத் தூக்கி, உள்பக்கத்தை அழுத்தித் துடைத்து, அந்தச் சிரிப்பின்மேல் பதமாக இறக்கிவிட்டார்.