அனாதையாக்கி

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் எழிலரசி பன்னிரண்டு வருடமாக அச்சு மெஷினில் இருக்கிறாள். சூடான பித்தளை அச்சைத் தோலின் மேல் இறக்கி எழுத்துப் பதிக்கும் வேலை. ஷூ அளவு, கம்பெனிப் பெயர் என்று எல்லாம் தெரிந்த எழுத்துகள்தான்.

போன ஆடியில் வந்த வெளிநாட்டு ஆர்டர் வேறு மாதிரி. ஏதோ மாயக்கதையில் வரும் வாள்களுக்கு உறை வேண்டுமாம்; கதை படித்தவர்கள் வாங்கி வீட்டில் மாட்டிவைப்பார்களாம். ஒவ்வோர் உறையிலும் ஒரு வாளின் பெயர்.

அர்த்தம் தெரியாமல் பதிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆர்டர் பார்க்கும் கௌதமிடம் கேட்டாள். அவன் போனில் தேடிச் சொன்னான். ஒன்று பனிமூச்சு. ஒன்று கடல்பிளப்பான். மூன்றாவது, ‘கெர்வாத்’.

“அனாதையாக்கிக்கா. அந்தக் கத்தி போற ஊர்ல புள்ளைங்க எல்லாம் அனாதையாய்டும்.”

எழிலரசி மெஷினை நிறுத்திவிட்டாள். கணவன் பைக் விபத்தில் போனபோது மகள் ஸ்வேதாவுக்கு நான்கு வயது. குடியாத்தம் பஸ்ஸில் யாரோ ஒருத்தி குழந்தையைப் பார்த்து ‘அனாதை’ என்றாள்.

“இத நா அடிக்கமாட்டேன் பாய்” என்றாள் சூப்பர்வைசர் அப்துல் கஃபாரிடம்.

“கதைம்மா அது. இல்லாத கத்திக்கு இன்னாத்துக்குப் பேஜார்?” என்றார். ஆனாலும் திட்டவில்லை. பனிமூச்சை அடிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை கௌதம் ஓடிவந்தான். “தப்பா சொல்ட்டேன்க்கா. அனாதை செஞ்ச கத்தியாம். அப்பா அம்மா இல்லாத பொண்ணு ஒருத்தி பட்டறைல அடிச்சதாம்.”

அவளுக்கு மனசு லேசானது. கெர்வாத் அச்சை மாட்டினாள். இருபது உறை முடிவதற்குள் அவன் திரும்பி வந்து நின்றான்.

“ஆர்டர் குடுத்த பார்ட்டிக்கே மெயில் போட்டேன். ரெண்டும் சரியாம்க்கா. அந்தக் கதை பாஷைல ரெண்டுக்கும் ஒரே வார்த்தையாம். எதுன்னு எழுதனவரே சொல்லலயாம்.”

“ரெண்டும்னா எப்டி? நா இப்ப எத அடிக்கிறேன்?”

அப்துல் கஃபார் கடிகாரத்தைப் பார்த்தார்.

மீதி அறுபதையும் அவளே போட்டாள். ஓர் உறையில் அந்தப் பெண்ணை நினைத்தாள், இன்னொன்றில் தகப்பனை இழந்த பிள்ளைகளை. இரண்டு உறைகளில் எழுத்து கோணலாகப் போனது.

சாயங்காலம் குழம்பு வைத்துக்கொண்டே ஸ்வேதாவிடம் சொன்னாள். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

“அம்மா, யாருமில்லாத பொண்ணே கத்தி செஞ்சு, அவளே போய் மத்த புள்ளைங்கள அனாதையாக்கியிருந்தா?”

எழிலரசிக்கு இது தோன்றவே இல்லை. “அப்ப அவ நல்லவளா, கெட்டவளாடி?”

“தெர்லயே” என்றாள் ஸ்வேதா.

குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்று எழிலரசிக்கு மறந்துபோயிருந்தது.