மதிலுக்கு நேரே பிடித்த நூல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரைப் பெற்று ஐந்து பேரையும் ஆளாக்கினேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான், சபையில் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் படித்த தமிழ். என்றாலும் இதை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் எழுதினால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை.

இது என் நாலாவது மகளைப் பற்றியது. தொண்ணூறுகளில் அவள் வீட்டுப் படம் வரையும் படிப்பு படித்தாள். பிறகு நெய்யாற்றின்கரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டரில் வரையவும் படித்தாள். பாறசாலையில் ஒரு எஞ்சினியர், கடைகளுக்கு மேலே மாடியில் ஆபீஸ் வைத்திருந்தார். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார், ஆனால் அதில் வரைய அவருக்குப் பொறுமை இல்லை. "ஒரு மாசம் வந்து வரை. பிறகு பாக்கலாம்" என்று மகளிடம் சொன்னார்.

நான் அப்போது கொத்தனார் ஒருவரிடம் கையாளாக இருந்தேன். இருபது வருஷம் சுமந்திருக்கிறேன், ஆனால் என்னுடைய முக்கியமான வேலை சுமப்பது அல்ல. அளவு நாடாவின் மறுமுனையையும் நூலின் மறுமுனையையும் கொத்தனார் என்னைத் தவிர யார் கையிலும் கொடுக்கமாட்டார். என் கை ஆடாது.

ஒரு சனிக்கிழமை மகளுக்குச் சோறு கொண்டு ஆபீசுக்குப் போனேன். கறுப்புத் திரையில் கோடுகள் கிடந்தன. திரையின் கீழ் மூலையில் இரண்டு அம்பு, ஒன்று வலப்பக்கம் பார்த்து, ஒன்று மேலே பார்த்து. அவை சேரும் இடத்தில் ஒரு ஆங்கில எழுத்து.

"இது என்னது பிள்ளே, மூலையில?"

"இதுதான் கணக்கு தொடங்குத இடம். ஒரு அம்பு கிழக்கு, ஒரு அம்பு வடக்கு. எந்த மூலையும் இத்தனை கிழக்கே, இத்தனை வடக்கேன்னு ரெண்டு நம்பர்ல சொல்லிப்போடலாம்."

"அந்த எழுத்து?"

"அம்பு ரெண்டும் பூமிக்க கிழக்கு வடக்குக்கு நேரே நிக்குதுன்னு அடையாளமாக்கும். சரிஞ்ச கோடு வரைய அம்பை நமக்க வசதிக்குத் திருப்பி வைக்கலாம். அப்பம் எழுத்து மறைஞ்சுபோவும்."

பூமியின் கிழக்கைத் திருப்ப இவளுக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று கேட்டேன். சோற்றைத் தின்னும்வரை சிரித்தாள்.

அவள் வரைந்த முதல் வீடு அமரவிளையில். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருடைய மனை. எங்கள் கொத்தனாருக்கே அந்த வேலை கிடைத்தது. மனையின் தெற்கு மதில் தென்மேற்கிலிருந்த சர்வே கல்லிலிருந்து ரோடுவரை ஓடும். நேர் கிழக்கே ஓடாமல் கொஞ்சம் வடக்கே சரிந்து ஓடும். வாத்தியார் எங்கள் சபைக்காரர்தான்.

"எனக்கு வாஸ்துல நம்பிக்கை கெடையாது. ஆனா வீடு நேரே கிழக்கு பாக்கணும். காத்து வரணும்லா?" என்றார்.

"காத்துக்கு எதுக்கு சாரே வடக்குநோக்கி?" என்று கொத்தனார் கேட்டார். வடக்கு காட்டும் அந்த முள்ளை ஒரு பழைய பொடி டப்பாவில் போட்டு எப்போதும் மடியில் வைத்திருப்பார்.

காலையில் போதகர் வந்து ஜெபித்தார். எஞ்சினியர் கொடுத்துவிட்ட தாளில் ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு எண். "கல்லுல இருந்து எண்ணணும். முதல் நம்பர் கிழக்கே, ரெண்டாவது வடக்கே" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். கொத்தனார் வடக்குநோக்கியை வைத்துத் திசை பார்த்தார், நான் நூல் பிடித்தேன். கன்னிமூலையில், அதாவது வீட்டின் தென்மேற்கு மூலையில், அடையாளத்துக்கு முதல் மரக்குற்றியை அடித்தோம். எங்கள் பக்கத்தில் அந்தக் குற்றியை அடித்தால் அடித்ததுதான், யாரும் பிடுங்கமாட்டார்கள். பிறகு மற்ற மூன்றையும் அடித்தோம். பக்கங்கள் அளந்தபடி இருந்தன. கோணுக்குக் கோண் குறுக்கே நாடா பிடித்துப் பார்த்தோம், நூலிழை வித்தியாசம் இல்லை.

ஆனால் மூன்றாவது குற்றி கிணற்றுச் சுவரை ஒட்டி ஒரு சாணில் நின்றது. கொத்தனார் நூல்மேல் வடக்குநோக்கியை வைத்தார். முள் ஒரு பக்கம் போக, நூல் ஒரு பக்கம் போனது.

"அளவு எல்லாம் செரி, வீடு மட்டும் கோணல்" என்றார் கொத்தனார். "கம்ப்யூட்டர் வரைஞ்ச வீடுல்லா."

"இது எனக்க வீடா, கிணத்துக்க மூடியா?" என்று வாத்தியார் கேட்டார்.

ரோட்டு முக்குக் கடையிலிருந்து எஞ்சினியருக்குப் போன் செய்தார்கள். எஞ்சினியர் ஸ்கூட்டரில் முதலில் வந்தார், வந்ததும் கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார். "நீரு நூலை எங்கயோ வளைச்சுப்போட்டீரு. கம்ப்யூட்டருக்குத் தப்பு வராது."

கொத்தனார் டப்பாவை மூடி மடியில் வைத்தார். நூல் பிடித்தது நான்தான். எனக்குக் கோபம் வந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் பஸ்சில் வந்து இறங்கினாள். தாளைப் பார்த்தாள், குற்றிகளைப் பார்த்தாள்.

"அம்மா, நூலை எதுக்கு நேரே பிடிச்சிய?"

"வடக்குநோக்கிக்கு நேரே. பின்ன எதுக்கு?"

அவள் திரும்பி அந்தச் சரிந்த மதிலைப் பார்த்தாள். தாளைத் திரும்பவும் பார்த்தாள். எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. அம்பைத் திருப்பியிருக்கிறாள். அதை அங்கே நின்ற யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இவள் பேசாமல் இருந்தால் பழி கொத்தனார் தலையில் விழும், வேலை இவளுக்கு நிலைக்கும். பேசாமல் இருக்கட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

"தப்பு எனக்காக்கும் சாரே" என்றாள். "மதிலு வரையதுக்கு அம்பை மதிலுக்கு நேரே திருப்பி வச்சேன். திரும்ப மாத்தாம நம்பர் எடுத்துப்போட்டேன். எழுத்து மறைஞ்சு கெடந்துது, நான் பாக்கல்ல. கொத்தனார் மாமா அளந்தது செரிதான்."

எஞ்சினியர் வாட்சைப் பார்த்தார். "அப்பம் இன்னைக்கு வேலை போச்சு. திருத்தி வரையணும், இல்லியா?"

"வேண்டாம். நம்பர் இதுவே போரும். நூலை மதிலுக்கு நேரே பிடிச்சு எண்ணினா வீடு நேரே நிக்கும்."

"தப்புக்கு மேல தப்பு செஞ்சா செரியாவுமா பிள்ளே?" என்றார் கொத்தனார்.

"நம்பர் தப்பு இல்ல மாமா. அது மதிலைப் பாத்து எண்ணினதாக்கும். நாமளும் மதிலைப் பாத்தே எண்ணணும்."

அதற்குள் வாத்தியார் கன்னிமூலைக் குற்றியின் அருகே போய் நின்றுகொண்டார். ஜெபித்து அடித்ததை எப்படிப் பிடுங்குவது என்று அவருக்குக் கலக்கம். ஓரமாக நின்று சாயா குடித்த போதகர் சொன்னார்: "நான் வீட்டுக்காக்கும் ஜெபிச்சேன், குற்றிக்கு இல்ல."

நானே குனிந்து பிடுங்கினேன்.

கல்லிலிருந்து மதிலோடு நூலை இழுத்தேன். மகள் எண்ணை வாசிக்க, கொத்தனார் அளந்தார், நான் மறுமுனையில் நின்றேன். அதே எண்கள்தான். நாலு குற்றியும் அடித்து முடிந்தபோது கிணறு நன்றாக விலகி நின்றது. கொத்தனார் வடக்கே போகும் நூல்மேல் டப்பாவைத் திறந்து வைத்தார். முள் நடுங்கி நடுங்கி நூலோடு ஒன்றாகப் படுத்தது. அவர் குனிந்தபடியே வெகுநேரம் பார்த்தார்.

"மாமா, கோணல் உண்டா?"

"இல்ல. அதுதான் பாக்கேன்" என்றார்.

எஞ்சினியர் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது மகளைக் கூப்பிட்டார். "நாளை முதல், தாளுக்க மேல எதுக்கு நேரே எண்ணினதுன்னு ஒரு வரி எழுதிப்போடு." நாளை முதல் என்று அவர் சொன்னதை நாங்கள் இருவரும் கேட்டோம். அந்த ஒரு மாசப் பேச்சு பிறகு வரவே இல்லை. பதினோரு வருஷம் அவள் அங்கே வரைந்தாள்.

அன்று பஸ்சில் அவளுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

மக்கா, கண்ணாடி வேணும்னா எடுத்துக்கோ. இதை முதல்ல இருந்து சத்தமா வாசி. உனக்க அம்மைதான் இந்த மக. அடுக்களையில நிக்கா, தப்பு அவளுக்குன்னு சொன்ன இடத்தை விட்டுப்போடச் சொல்லுவா. விடாதே. அந்த இடத்துல மெதுவா வாசி.